பாத்திரத்தில் விழுந்த பாகற்காய்

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் பழைய சிநேகிதன் காம்ப்ளே சொல்லிவிடுவான். அவன் சொன்னால் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான்.

பெற்ற மகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. இருட்டில் இல்லை, விடிந்த பிறகு. தூரத்தில் இல்லை, கை எட்டும் தூரத்தில். அவளுக்கென்று நானே சமைத்துக் கொண்டுபோனதை, கரண்டியில் ஒட்டியிருந்ததையும் சேர்த்து வழித்து, வேறு யாரோ ஒரு பெண்ணின் பாத்திரத்தில் போட்டுவிட்டு, காரியம் சாதித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன். அடுத்ததாக என் மகள் வந்து நின்றாள். என் கையில் காலித் தூக்குச்சட்டி.

என் மகள் கோமதி இப்போது பௌத்தத் துறவி. தலையை மழித்து, காவி போர்த்தி, காலையில் வீடு வீடாகப் பிச்சைக்குப் போகிறாள். அந்தக் காலை வழக்கத்தைப் பார்க்கத்தான் புனேயின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனேன். போய் வந்து சில வாரங்கள் ஆகின்றன. அன்றிலிருந்து என் மனைவி செண்பகம் என்னோடு பேசுவதில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் குக்கரிடம் சொல்கிறாள். குக்கர் விசிலடிக்கிறது. நான் எழுந்து போய்ச் சாப்பிடுகிறேன். குடும்பம் ஓடுகிறது.

ஏன் பேசவில்லை என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

2

தென்காசிப் பக்கத்து ஆட்களிடம் புனே எனக்கு அயல்நாடு என்று சொன்னால் சிரிப்பார்கள். பாஸ்போர்ட் வேண்டாம், நம் ரூபாய்தான், ரயிலிலேயே போய்விடலாம். எல்லாம் சரி. ஆனால் கடையில் கத்தரிக்காய் கேட்கும் ஒவ்வொரு தடவையும் என் தலைக்குள் ஒரு மொழிபெயர்ப்பு ஆபீஸ் திறந்து மூடுகிறது. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த ஆபீஸில் ஆள் குறைப்பு நடக்கவில்லை. பெரியவர்களை மராத்தியில் இன்னமும் ஒருமையில் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். இதற்குப் பெயர் அயல்நாடு இல்லையென்றால் வேறு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

தேஹு ரோடு ராணுவத் தளவாடக் கிடங்கில் குமாஸ்தா வேலை கிடைத்து வந்தவன் நான். "ரெண்டு வருசம் இருந்துட்டு மாத்தல் வாங்கிருவோம்" என்று சொல்லித்தான் செண்பகத்தைக் கூட்டிவந்தேன். அந்த ரெண்டு வருஷம் இன்னும் முடியவில்லை.

கோமதியைப் பள்ளியில் சேர்க்கப் போனபோது எழுத்தர் "ஆட்நாவ்?" என்று கேட்டார். குடும்பப் பெயர். எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது என்றேன். குடும்பம் இருக்கிறதல்லவா, அப்புறம் குடும்பப் பெயர் மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் என் அப்பா பெயரைக் கொடுத்தேன். குடும்பப் பெயர் முதலில், பிள்ளை பெயர் நடுவில், அப்பன் பெயர் கடைசியில் என்பது இங்கத்திய முறை. ஆகவே அவள் 'ஆவுடையப்பன் கோமதி சுடலைமுத்து' ஆனாள். வருகைப்பதிவு எடுக்கும் டீச்சர் "ஆவ்… ஆவ்…" என்று திக்குவார். இந்தியில் அது "வா, வா" என்று கூப்பிடுவது போலக் கேட்கும். வகுப்பு சிரிக்கும். வீட்டுக்கு வந்து என்னை முறைப்பாள். நானும் சிரிப்பேன். எங்கே போனாலும், எந்த மார்க் ஷீட்டிலும், என் பெயர் அவள் பெயருக்குப் பின்னால் வாலைப் போல வந்தது. அந்த வாலைப் பற்றி அவள் எவ்வளவு புகார் சொன்னாலும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

வீட்டில் தமிழ் பேசுவாள். செண்பகத்தின் தென்காசித் தமிழும் தெருவின் இந்தியும் பள்ளியின் மராத்தியும் ஒரே தட்டில் பரிமாறிய மாதிரி இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் சிலேட்டோடு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். மெய்யெழுத்து பாதி போவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். அவள் சிலேட்டை என் வயிற்றின் மேல் வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். ஆகையால் இந்தக் குறிப்பை அவள் படிக்கப்போவதில்லை. தைரியமாக எழுதுகிறேன்.

3

எனக்கும் அதிகாலைக்கும் ஆகவே ஆகாது. கிடங்கின் சங்கு ஊதிய பிறகுதான் பல் துலக்குவேன். என்னால் செண்பகம் பட்ட பாட்டில் இது முக்கியமான ஒன்று.

குவார்ட்டர்ஸில் பக்கத்து வீடு காம்ப்ளே. என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை. அவர்கள் பௌத்தர்கள். புத்த பௌர்ணமியன்று சூரியன் வருவதற்கு முன்பே அவன் வீட்டில் எல்லோரும் குளித்து, வெள்ளை உடுத்தி, கையில் பூவும் மெழுகுவர்த்தியுமாக விகாரைக்கு நடப்பார்கள். தேஹு ரோடில் அன்றைக்குத் தெருவே வெள்ளையாக நடக்கும். வந்தனை சொல்லி முடித்து, கீர் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள்.

கோமதிக்கு ஐந்தாறு வயதிருக்கும்போது அவர்களோடு போக ஆரம்பித்தாள். கீருக்காகத்தான். முதல் வருஷம் காம்ப்ளேயின் மனைவி வந்து எழுப்பினாள். அடுத்த வருஷத்திலிருந்து இவளே எழுந்துவிட்டாள். வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு என் கட்டில் பக்கத்தில் நின்று, "அப்பா, நீங்களும் வாங்க" என்பாள். கண்ணைத் திறக்காமல், "அடுத்த வருசம்டா" என்பேன். மறுபடி கண் திறக்கும்போது வெயில் வந்திருக்கும். தலைமாட்டில் ஒரு டம்ளர், மேலே ஒரு தட்டு. எனக்குப் பௌத்தம் என்றால் ஆறிப்போன பாயசம்.

ஒவ்வொரு வருஷமும் அவள் கேட்டாள். ஒவ்வொரு வருஷமும் நான் அடுத்த வருஷம் என்றேன். நான் தூங்கினேன், அவள் போனாள். யோசித்துப் பார்த்தால் நடந்தது அவ்வளவுதான்.

அவளுக்கும் எனக்கும் இன்னொரு விவகாரம் உண்டு. பாகற்காய். செண்பகம் அதை வட்டவட்டமாக நறுக்கி மொறுமொறுவென்று பொரிப்பாள். கோமதி தொடமாட்டாள். ஒருநாள் அவள் பள்ளி டிபனில், தயிர்ச்சாதத்துக்கு அடியில், ஒரே ஒரு வட்டத்தைப் புதைத்து அனுப்பினேன். சாயங்காலம் வந்து அழுவாள், சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றுமே சொல்லவில்லை. மறுநாள் மத்தியானம் கிடங்கில் என் டிபனைத் திறக்கிறேன், சப்பாத்திக்கு அடியில் அதே வட்டம்.

அதிலிருந்து ஆரம்பித்தது. யார் முறை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். சட்டம் ஒன்றே ஒன்றுதான்: அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. திறந்தவர் தோற்றவர். நான் ஒவ்வொரு தடவையும் தோற்றேன். என்னால் பேசாமல் இருக்க முடியாது. வீட்டுக்குள் நுழையும்போதே, "ஏய், பாத்துட்டேன்" என்று கத்துவேன். அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கமாட்டாள். அத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட வாய் திறந்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் காம்ப்ளே எனக்கு முந்தி என் டிபனைத் திறந்து, "அண்ணா, ஆஜ் கிஸ்கா நம்பர்?" என்று கேட்பான். இன்றைக்கு யார் முறை என்று.

படித்தாள். புனேயின் மறுகோடியில், கராடியில், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கேயே பதினோராவது மாடியில் வீடு வாங்கி, ஓய்வு பெற்ற என்னையும் செண்பகத்தையும் கூட்டிக்கொண்டாள். பாகற்காயும் எங்களோடு மாடியேறியது. அவள் லேப்டாப் பைக்குள் நான் வைப்பேன். என் கண்ணாடிக் கூட்டில் அவள் வைப்பாள். வளர்ந்த பெண், ஓய்வு பெற்ற கிழவன், இரண்டு பேருக்கும் வெட்கமே இல்லை என்று செண்பகம் திட்டுவாள்.

4

முதலில் பத்து நாள் தியான முகாம். லீவு போட்டுப் போனாள். திரும்பி வந்து, நன்றாக இருந்தது என்றாள். அடுத்த வருஷம் மறுபடி. அதற்கப்புறம் மூன்று மாதம். அதற்கப்புறம் ஒரு கோடைகாலத்தில் வேலையை விட்டுவிட்டு, இளம் துறவியாக இருந்து பார்க்கப் போகிறேன், பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்றாள். போய்ட்டு வா, முடிதானே, வளர்ந்துரும் என்று நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். யாராவது அழப்போகிறார்கள் என்று தெரிந்தால் நான் சிரிப்புக் காட்டுவேன். முக்கியமாக, அந்த யாரோ நானாக இருந்தால்.

அவள் போன பிறகு மழை வந்தது. பாலுக்குப் போகக் குடையை விரித்தேன். காய்ந்து சுருண்ட பாகற்காய் வட்டம் ஒன்று என் வழுக்கையில் விழுந்து தரையில் உருண்டது. செண்பகம் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பாலுக்குப் போகவில்லை. அன்றிலிருந்து என் முறை.

ஒருநாள் போனில் தனக்குப் புதுப்பெயர் வைத்திருப்பதாகச் சொன்னாள். சுமனா. "சும்மானாவா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. நல்ல மனம் என்று அர்த்தம் என்று பொறுமையாகச் சொன்னாள். நல்ல பெயர்தான். சின்னதாக, டீச்சர் திக்காமல் கூப்பிடும்படியாக இருக்கிறது. முன்னால் ஆவுடையப்பன் இல்லை, பின்னால் சுடலைமுத்து இல்லை. வால் அறுந்துவிட்டது.

இந்த வருஷம் மழை முடிந்த சமயத்தில், அவர்களுடைய மூத்த பெண் துறவி செண்பகத்துக்குப் போன் செய்தார். ஆர்யாஜி என்று அவரைக் கூப்பிடுகிறார்கள். சுமனாவுக்கு முழுத் துறவு கொடுக்க நாள் வந்துவிட்டது, கயையில் நடக்கும், அதற்குத் தாய் தகப்பன் அனுமதி வேண்டும் என்றார். எந்த வயதானாலும் அது இல்லாமல் கொடுப்பதில்லையாம். இளம் துறவி திரும்பி வந்துவிடலாம். இது அப்படியில்லை, ஆயுளுக்கும்.

செண்பகம் கெட்டிக்காரி. தன் வாயால் மாட்டேன் என்று மகளுக்குத் தடை போட அவளுக்கு மனம் வரவில்லை. "அவ அப்பாவக் கேட்டுக்கிடுங்க. அவங்க சொல்லுததுதான் எனக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். துறவிகள் கயைக்குப் போகும் வழியில் சில நாள் தேஹு ரோடு விகாரையில் தங்குகிறார்கள், காலையில் பிச்சைக்குப் போவார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கலாம் என்று தகவல் வந்தது.

நான் கிளம்பும்போது செண்பகம் கதவுப் பக்கம் வந்து நின்றாள்.

"நீங்க என்ன வேணும்னாலும் பேசுங்க. பேச உங்களுக்குச் சொல்லித் தரணுமா? சரின்னு ஒரு சொல்லு மட்டும் வாயில இருந்து விழுந்துறக் கூடாது."

"நீயும் வாயேன்."

"முடி வளந்த பெறவு பாத்துக்கிடுதேன்."

5

கராடியிலிருந்து பஸ், பிறகு லோனாவ்ளா லோக்கல். முந்தின நாள் சாயங்காலமே தேஹு ரோடில் இறங்கிவிட்டேன். காம்ப்ளே இப்போது அங்கேயே சொந்தமாக வீடு கட்டியிருக்கிறான். ஸ்டேஷன் வாசலில் பாகற்காய் வாங்கினேன். காம்ப்ளே பையைப் பிரித்துப் பார்த்தான். பிறகு, கோமதிக்கா என்று கேட்டான். என் முறை என்றேன். பைத்தியம் என்றான். ஆனால் அடுப்பைக் காட்டினான்.

காம்ப்ளேயின் மனைவியை நான் வஹினி என்று கூப்பிடுவேன், அண்ணி. தானே பொரித்துத் தருவதாகச் சொன்னாள். நான் விடவில்லை. சமையல் தெரிந்தவன் போல மஞ்சள்தூள் எங்கே, மிளகாய்த்தூள் எங்கே, எண்ணெய் எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, பக்கத்தில் யாரும் வரக் கூடாது என்று உத்தரவு போட்டு, செண்பகம் செய்கிற மாதிரியே வட்டவட்டமாகப் பொரித்தேன். இரண்டு வட்டம் கருகியது. அதை நான் தின்றேன். கசப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாகற்காயில் வேறென்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

காம்ப்ளே விதிகளைச் சொன்னான். செருப்புப் போடக் கூடாது. பேசக் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிடவே கூடாது. இரண்டு கையாலும் போட வேண்டும். முகத்தைப் பார்க்காதே, பாத்திரத்தைப் பார். மூத்தவர் முதலில் வருவார், புதிதாகச் சேர்ந்தவர் கடைசி. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். போதாததற்கு, எதைப் போட்டாலும் அவள் வேண்டாம் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னான். அந்த ஒரு விதி மட்டும்தான் என் மண்டையில் ஏறியது. பாகற்காய் தொடாத என் மகள், வாங்கிக்கொள்ளாமல் போக முடியாது. வாங்கும்போது ஒரே ஒரு கணம், உதட்டோரம் துளி அசைந்தால் போதும். அது போதும் எனக்கு. அதை வைத்துக்கொண்டு, உள்ளே இன்னும் கோமதிதான் இருக்கிறாள் என்று செண்பகத்திடம் போய்ச் சொல்லிவிடலாம். ஆர்யாஜியிடமும் தைரியமாக மாட்டேன் என்று சொல்லிவிடலாம்.

அலாரம் வைத்தேன். அது அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

வெளியே தெரு விழித்திருந்தது. வாசல்களில் தண்ணீர் தெளித்து ரங்கோலி போட்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை, வெள்ளைச் சட்டை. ஒவ்வொரு வாசலிலும் ஒரு பாத்திரம்: சோறு, பாகரி ரொட்டி, பருப்பு, வாழைப்பழம். குழந்தைகளைக்கூடக் குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. லோக்கல் ரயில் ஒன்று போவது கேட்டது. வெறுங்காலில் தரை சில்லென்றிருந்தது. கையில் தூக்குச்சட்டியோடு காம்ப்ளேக்கும் வஹினிக்கும் நடுவில் நின்றேன். இதைப் பார்க்கத்தானே இவ்வளவு வருஷமும் கூப்பிட்டாள் என்று தோன்றியது. அப்படியொன்றும் நடுச்சாமம் இல்லை. எழுந்திருக்க முடியாத நேரமில்லை அது.

வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேர். எல்லோரும் ஒரே காவி. எல்லோருக்கும் மழித்த தலை. எல்லோர் கண்ணும் தரையில். நடையில் அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. முதலில் வந்தவர் வயதானவர், அவர் ஆர்யாஜி என்று தெரிந்தது. நான் முகங்களைத் தேடினேன். கோமதி நாலாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டவள். கடைசிக்கு முந்தி வந்த பெண்ணின் மூக்கில் கண்ணாடி. அதே உயரம், அதே ஒல்லி. கடைசியில் வருபவள்தான் புதியவள் என்று காம்ப்ளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். ஆனால் என் மகள் எந்த வகுப்பிலும் கடைசியாக வந்தவளில்லை.

கண்ணாடிக்காரி என் முன்னால் நின்றாள். பாத்திரத்தின் மூடியைத் திறந்தாள். பாகற்காய் முழுவதையும் கவிழ்த்தேன். முகத்தையே பார்த்தேன். உதடு அசையவில்லை. ஒன்றுமே அசையவில்லை. சரிதான், பழைய சட்டப்படி வாய் திறக்கமாட்டாள், கெட்டிக்காரி என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். மூடி மூடியது. அவள் நகர்ந்தாள்.

கடைசிப் பெண் வந்து நின்றாள். கண்ணாடி இல்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. யாரோ ஒரு பெண். கொடுக்க எதுவும் இல்லையே என்ற வெட்கத்தில் நான் தலையைக் குனிந்தேன்.

குனிந்ததால் கால் தெரிந்தது.

எங்கள் வம்சத்துக் கால் அது. சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எந்தச் செருப்பும் சரியாகப் பொருந்தாது. சின்ன வயதில் அவளுக்குச் செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் என் காலையும் அவள் காலையும் பார்த்துச் சிரிப்பார். இப்போது அந்தத் தெருவில் என் வெறுங்காலும் அந்த வெறுங்காலும் எதிரெதிரே நின்றன.

பாத்திரம் திறந்திருந்தது. என் தூக்குச்சட்டியில் எண்ணெய் மட்டும் மினுங்கியது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டுமோ அவ்வளவு நேரம் அவள் நின்றாள். ஒரு கணம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வஹினி பக்கத்திலிருந்து கை நீட்டி ஒரு பிடி சோறு போட்டாள். மூடி மூடியது. கால்கள் நகர்ந்தன.

பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது விதி. அதை நான் மீறவில்லை. 

6

விகாரையின் பின்பக்கத் தாழ்வாரத்தில் எங்களை உட்காரவைத்தார்கள். அவர்கள் சாப்பிட்டு முடியும்வரை காத்திருந்தோம். பரிமாற உதவிய ஒரு பெண்ணிடம் காம்ப்ளே, அண்ணா கொண்டுவந்த கார்லே, அதாவது பாகற்காய், யாருக்குப் போனது என்று எனக்காக விசாரித்தான். யாருக்கும் போகாது, எல்லாப் பாத்திரத்தையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலந்து, அதிலிருந்து அள்ளிக்கொள்வோம் என்றாள் அவள். யார் போட்டது, எது யாருக்கு என்று இங்கே பார்ப்பதில்லை. ஆக, என் பாகற்காய் ஊரார் பருப்பிலும் வெல்லத்திலும் கரைந்துபோனது. என் முறை வீணாகிவிட்டது.

பிறகு ஆர்யாஜி வந்து உட்கார்ந்தார். நாக்பூர்ப் பக்கத்துக்காரர், கண்டிப்பான தலைமையாசிரியை மாதிரி இருந்தார். வழக்கம்போல அவரை மராத்தியில் ஒருமையில் விசாரித்து, காம்ப்ளேயிடம் முழங்கையால் இடி வாங்கினேன். கோமதி கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். கண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டதால் இப்போது கண்ணாடி வேண்டாம் என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. என்னிடம் அதைச் சொல்லவில்லையே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வேறொன்றைக் கேட்டேன்.

"எங்க நெனப்பே வரலியாம்மா?"

அவள் யோசித்துச் சொன்னாள். அவளுடைய தமிழ் இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தது.

"யாத் வருதுப்பா. டெய்லி வருது. வந்தா, வரட்டும்னு உக்காந்திருப்பேன். அப்புறம் அது போயிடுது."

அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. வருகிறது என்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆர்யாஜி நேராக விஷயத்துக்கு வந்தார். சுமனாவின் அம்மா, அப்பா சொல்வதுதான் தன் முடிவும் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் அனுமதி தருகிறீர்களா? எங்கள் வீட்டில் அனுமதி இலாகா என் மனைவியிடம் இருக்கிறது, நான் வெறும் தபால் பிரிவு என்றேன். காம்ப்ளே சிரிக்க ஆரம்பித்து, யாரும் சிரிக்காததைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான்.

"அப்பா" என்றாள் கோமதி. அதட்டலாக இல்லை. விளையாட்டு முடிந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி.

ஆர்யாஜி மறுபடி கேட்டார். சரி என்று சொல்லக் கூடாது. அது செண்பகத்தின் உத்தரவு. மாட்டேன் என்று சொல்லத்தான் வந்தேன். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகளைக் காலையில் அடையாளம் தெரியாதவன், எந்த முகத்தோடு அவளை எனக்குத் தா என்று கேட்பது? சட்டென்று ஒரு யோசனை வந்தது. சரியும் சொல்லாதே, மாட்டேனும் சொல்லாதே. பேசாமல் இரு. தானாக ஒத்திப்போகும். இவ்வளவு வருஷம் சர்க்கார் ஆபீஸில் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா? பதில் போடாத ஃபைல் எந்த ஊருக்கும் போகாது.

வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆர்யாஜி சற்று நேரம் காத்திருந்தார். பிறகு மெல்லத் தலையசைத்துக் கைகூப்பினார். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் "சாது, சாது, சாது" என்றார்கள். காம்ப்ளேயும் சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர்.

"என்ன ஆச்சு?" என்று அவன் காதில் கேட்டேன்.

அவன் என்னைத் திகைத்துப் பார்த்தான். இவர்கள் வழக்கத்தில் கேட்ட கேள்விக்கு வாய் திறந்து மறுத்தால்தான் மறுப்பு. பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். புத்தரே அப்படித்தான் செய்வாராம். அழைப்பை ஏற்றுக்கொண்டால் எதுவும் சொல்லாமல் இருப்பாராம். இது உனக்குத் தெரியாதா என்றான்.

எப்படித் தெரியும்? இதெல்லாம் சொல்லிக்கொடுத்த காலைகளில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

என் முகத்தை ஆர்யாஜி பார்த்துவிட்டார். நியாயமான மனுஷி. தெரியாமல் பேசாதிருந்தால் அதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளமாட்டேன். இன்னொரு தடவை கேட்கிறேன், விருப்பமில்லையென்றால் இப்போது சொல்லுங்கள் என்றார். கேட்டார்.

அப்போதுதான் கோமதி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. கண் கலங்கவும் இல்லை. வெள்ளை கவுன் போட்டுக்கொண்டு என் கட்டில் பக்கத்தில் வந்து நிற்பாளே, அந்தப் பார்வை. நீங்கள் எழுந்தாலும் சரி, எழாவிட்டாலும் சரி, நான் போகத்தான் போகிறேன், ஆனால் நீங்களும் வந்தால் எனக்கு நன்றாக இருக்கும் என்கிற பார்வை. ஒவ்வொரு வருஷமும் அதை நான் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன். திறந்து பார்த்தது இப்போதுதான்.

மாட்டேன் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. தமிழில், இந்தியில், மராத்தியில், மூன்றிலும் இருந்தது. தலைக்குள் இருக்கும் மொழிபெயர்ப்பு ஆபீஸ் முழுவதும் எழுந்து நின்றது.

நான் பேசவில்லை.

இந்தத் தடவை தெரிந்தே பேசவில்லை.

7

வீட்டுக்கு வந்து, நான் சரி என்று சொல்லவே இல்லை என்று செண்பகத்திடம் சத்தியம் செய்தேன். உண்மைதான். பிறகு நடந்ததையும் சொன்னேன், அதுவும் உண்மைதான். முழுக்கக் கேட்டாள். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள். "பேச வேண்டாத நேரமெல்லாம் பேசுவாங்க. ஒரே ஒரு சொல்ல விட்றாதீங்கன்னா, ஆயுசுக்கும் வாய மூடிட்டு வந்துருக்காங்க" என்று குக்கரிடம் சொன்னாள். அன்றைக்கு ஆரம்பித்த மௌனம்தான் இது. கோமதியின் அறைக் கதவை மட்டும் இப்போது சாத்தி வைத்திருக்கிறாள். முன்பெல்லாம் திறந்தே கிடக்கும்.

நானும் ஒரு மாதிரி ஆகிவிட்டேன். அலாரம் இல்லாமலே விடிவதற்கு முன் விழிப்பு வந்துவிடுகிறது. பதினோராவது மாடிப் பால்கனியில் போய் நிற்கிறேன். கீழே கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் தலை குனிந்து ஏறுகிறார்கள். இத்தனை வருஷம் வராத விழிப்பு, எழுப்ப ஆள் இல்லாத காலத்தில் வந்து என்ன பண்ண? ஒரு பாகற்காய் வாங்கக்கூட மனம் இல்லை. நறுக்கி யார் டிபனில் வைப்பது?

செண்பகத்திடம் சொல்லாமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்றுதான். அதையும் எழுதிவிடுகிறேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியும். எப்படியும் இதை எடுத்துப் படிப்பாள்.

அன்றைக்கு விகாரையின் கேட் வரைக்கும் கோமதி எங்களோடு நடந்து வந்தாள். காம்ப்ளே வேண்டுமென்றே முன்னால் போய்விட்டான். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் வழக்கம்போல உள்ளே போக மறுத்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். இனி எப்போது பார்ப்பது என்று கேட்க நினைத்தேன். கண்ணாடிக்காரியை நீ என்று நினைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். பாகற்காயைப் பற்றிக் கேட்க நினைத்தேன், கேட்டால் தோற்றுவிடுவேன். அன்றைக்கு ஏற்கெனவே வேண்டிய அளவு தோற்றிருந்தேன்.

கடைசியில் நிமிர்ந்து, "அம்மாட்ட என்னம்மா சொல்லட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் திரும்பிப் போக இரண்டு அடி வைத்துவிட்டு நின்றாள். முகத்தைக் காட்டாமலே சொன்னாள்.

"உப்பு போடலப்பா."